சூசைக்கு இன்னொரு பெயர்

போன ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் எங்களுக்குப் பேரன் பிறந்தான். ஐந்து மாதம் வரை அவனுக்குப் பெயர் இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஓராண்டு வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம் என்று விதி இருக்கிறதல்லவா, அதை என் மகனும் மருமகளும் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதுவரை அவன் வெறும் 'குட்டி'.

என்னைக் கேட்டார்கள். கேட்டதற்காகவே மகிழ்ந்தேன். "உன் தாத்தா பெயரை வை, சூசை" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மகன், "அப்பா, கோவிச்சுக்காதீங்க. சூசைன்னு வெச்சா ஸ்கூல்ல சூசைடு, சூசைடுன்னு கூப்பிடுவாங்க" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். "அவங்க பிள்ளை, அவங்க வெச்சுக்கட்டும். உங்களுக்கு எதுக்கு?" என்றாள் வீட்டுக்காரி. அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைப்பதை மட்டும் அவர் பெரிய அவமானமாக நினைத்தார். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு கோடை விடுமுறை முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். சூ, சை. இரண்டே எழுத்து. இரண்டு எழுத்துக்கு ஒரு கோடை ஆயிற்று. பிற்பாடு நான் தபால் துறையில் சேர்ந்து அவருக்கு அனுப்பிய மணியார்டர் ரசீதுகளில் எல்லாம் அந்த இரண்டு எழுத்தும் கோணலாக இருக்கும். ஒரு கட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பழைய ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இளையவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். சூசை என்பது ஜோசப். போர்ச்சுகீசியர் 'ஜோசே' என்று சொன்னதை நம் கடற்கரை மக்கள் சூசை ஆக்கிக்கொண்டார்கள். மார்ச் 19 சூசையப்பர் திருநாள். அப்பா அந்த வாரத்தில் பிறந்தவர், அதனால் சூசை. வேறு யோசனையே யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் பெயர் வைப்பது பெற்றோரின் வேலையாகவே இருக்கவில்லை. பிள்ளை பிறந்த சில நாட்களுக்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். பச்சைப் பிள்ளைகள் பொசுக்கென்று போய்விடுகிற காலம். தாய் தீட்டுப் படுக்கையில் இருப்பாள், கோயிலுக்கு வர மாட்டாள். ஞானத் தகப்பனும் ஞானத் தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். உபதேசியார் நாட்காட்டியைப் பார்த்து அன்றைக்கோ அதற்குப் பக்கத்திலோ எந்த அர்ச்சியசிஷ்டருக்குத் திருநாள் என்று சொல்வார். (புனிதர் என்ற சொல் பிறகு வந்தது. எங்கள் காலத்தில் அர்ச்சியசிஷ்டர்தான்.) பிள்ளை வீடு திரும்பிய பிறகுதான் அதன் பெயர் என்னவென்று தாய்க்குத் தெரியும்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. நான் பிறந்தது 1950 ஜூன் 29. இராயப்பர், சின்னப்பர் இருவருக்கும் ஒரே நாளில் திருநாள். வீட்டில் ஏற்கெனவே தாத்தா இராயப்பன் இருந்ததால் எனக்குச் சின்னப்பன். ஆனால் எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மா, இந்தப் பிள்ளை தங்கினால் அடைக்கலம் என்று பெயர் வைக்கிறேன் என்று ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவிடம் நேர்ந்திருந்தார். எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சிக்குப் பக்கம். அது உபதேசியாருக்குத் தெரியாது. தெரிந்த அப்பாவும் அங்கே வாய் திறக்கவில்லை. அம்மா கடைசிவரை என்னை அடைக்கலம் என்றே கூப்பிட்டார். அவர் ஒருவர்தான் அப்படிக் கூப்பிட்டார். 1988-க்குப் பிறகு அந்தப் பெயரில் என்னை அழைக்க யாரும் இல்லை.

சின்னப்பன் என்ற பெயரால் பள்ளியில் பட்டபாடு கொஞ்சமல்ல. "நீ சின்னப்பன்னா பெரியப்பன் யாருடா?" என்று கேட்பார்கள். வாத்தியார் ஒருவரும் சேர்ந்துகொள்வார். எனக்கே அது ஏதோ நாட்டுப்புறப் பெயர் என்றுதான் எண்ணம். பன்னிரண்டு வயதில் புதுநன்மைக்காக ஞானஸ்நானப் பதிவை எடுத்தபோது, பங்குச் சாமியார் விரலால் ஒரு வரியைக் காட்டினார். அந்தப் புத்தகம் முழுதும் லத்தீன். என் அப்பா பெயருக்கு 'யோசேபுஸ்' என்றும் என் பெயருக்கு 'பவுலுஸ்' என்றும் இருந்தது. "நீதான் பவுல். லத்தீனில் பவுலுஸ் என்றால் சின்னவன். அதைத்தான் தமிழில் சின்னப்பர் என்று வைத்தார்கள்" என்றார். அன்று வீட்டுக்கு ஓட்டமாக ஓடியது நினைவிருக்கிறது.

ஆக, அந்தப் பெயர் அர்த்தத்தோடு தமிழுக்கு வந்திருக்கிறது. இதை யார் செய்தார்கள் என்பது எனக்கு வெகுநாள் ஆவல். ஓய்வு பெற்ற பிறகு நூலகங்களில் உட்கார்ந்து படித்ததில் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கிறிஸ்தவர்களானது 1530-களில். அவர்களுக்குப் பெரும்பாலும் போர்ச்சுகீசியப் பெயர்களே கிடைத்தன. பர்னாந்து, கோமஸ், மிராந்தா, ரொட்ரிகோ எல்லாம் இன்றும் தூத்துக்குடிப் பக்கம் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. 1542-ல் சவேரியார் வந்தார். குமரிமுனைப் பக்கத்து மீனவக் கிராமங்களில் ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்ததைப் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கை ஓய்ந்துபோகும் அளவுக்கு என்று ஒன்றில் சொல்கிறார். இன்னொன்றில், ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை எழுதிக் கையில் கொடுத்தேன் என்கிறார். முப்பத்தைந்து ஆண்டு விலாசம் படித்தே பிழைத்தவன் நான். அந்த வரியைப் படித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். எழுத்தே தெரியாத ஒருவன் தன் பெயர் எழுதிய சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய், பெண்டு பிள்ளைகளை அழைத்து வருகிறான். அந்தச் சீட்டை அவன் எத்தனை நாள் வைத்திருந்தானோ.

சவேரியாருக்குப் பின் அங்கே உழைத்த அண்ட்ரிக் அடிகளார் தமிழிலேயே ஒரு புனிதர் வரலாற்று நூல் எழுதி 1586-ல் அச்சிட்டார். 'அடியார் வரலாறு' என்று இப்போது சொல்கிறோம். தமிழ் எழுத்தில் அச்சேறிய மிகப் பழைய நூல்களில் ஒன்று. திருக்குறள் அச்சேறியது 1812-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு 226 ஆண்டு முன்னால் செபஸ்தியாரும் சந்தியாகப்பரும் தமிழ் அச்சில் வந்துவிட்டார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால், அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று தெரிய வேண்டுமல்லவா?

கடற்கரையில் பெயர்கள் காதால் கேட்டபடி வந்தன. சான் தியாகோ சந்தியாகு ஆனார், இனாசியோ இஞ்ஞாசி ஆனார், சவியர் சவேரி ஆகி, பின்னால் முத்தும் சேர்ந்து சவரிமுத்து ஆனார். உள்நாட்டில், மதுரை மிஷனில், வேறு வழி பிடித்தார்கள். 1606-ல் மதுரைக்கு வந்த தெ நொபிலி காவி உடுத்து, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் ஆனவர். அந்த வழியில் வந்தவர்கள் ஒலியை விட்டு அர்த்தத்தைப் பிடித்தார்கள். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குள் கடவுளின் அருள் என்ற பொருள் இருக்கிறது. அவர் அருளப்பர் ஆனார். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் முடி, கிரீடம், அவர் முடியப்பர். லாசர் என்பதன் மூலப் பொருள் கடவுள் உதவினார், அது தேவசகாயம். முடியப்பன் என்ற பெயரைக் கேட்டு எத்தனை பேருக்கு முதல் வேதசாட்சியின் ஞாபகம் வருகிறதோ தெரியாது.

தங்கள் பெயர்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஜான் தெ பிரிட்டோ, ஜானில் இருந்த அருளை எடுத்து அருளானந்தர் ஆனார். 1693-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர். கொன்ஸ்தான்சோ பெஸ்கி முதலில் தைரியநாதர், பிறகு வீரமாமுனிவர். பெஸ்கி பிறந்த இத்தாலிய ஊரான காஸ்திலியோனேயில்தான் 112 ஆண்டு முன்னால் புனித அலோசியஸ் கொன்சாகாவும் பிறந்தார். அந்த அலோசியஸை நம்மவர் ஞானப்பிரகாசியார் என்றார்கள். எத்தனையோ ஞானப்பிரகாசங்கள் நம் ஊர்களில் இருக்கிறார்களே, அவர்களுக்கெல்லாம் அந்தச் சின்ன இத்தாலிய ஊர்தான் பூர்வீகம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

நீலகண்டன் என்ற தேவசகாயம் பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் ரோமில் புனிதரானார். இந்தப் பெயர் விஷயத்தில் அவருடையது தனிக் கதை. மற்றவர்களுக்கு ஒரு புனிதரின் பெயரைத் தமிழாக்கிக் கொடுத்தார்கள். இவரோ அந்தத் தமிழ்ப் பெயரிலேயே புனிதராகிவிட்டார்.

தபால் அலுவலகத்தில் கவுண்டரில் உட்கார்ந்த காலத்தில் எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. எங்கள் வட்டாரத்துப் பெயரைப் பார்த்து வயதை மட்டிடுவது. லூர்துசாமி என்றால், லூர்து நகரில் மாதா காட்சி கொடுத்த 1858-க்கு முன் பிறந்திருக்க முடியாது என்பது நிச்சயம். குழந்தை தெரேஸ் என்றால் பெரும்பாலும் 1925-க்குப் பிறகு. அந்த ஆண்டுதான் அவருக்குப் புனிதர் பட்டம். பிரிட்டோ என்றால் 1947-க்குப் பிறகு. கொரற்றி என்றால் 1950-க்குப் பிறகு, என் வயதோ குறைவோ. பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். இப்போது வரும் பெயர்களில் என் வித்தை செல்லாது.

இரட்டைப் பெயர்களும் கண்ணில் படும். ஜான் அருளப்பன், பால் சின்னப்பன், ஜோசப் சூசைராஜ். ஒரே புனிதரை இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை கூப்பிடுகிறார்கள்! அர்த்தம் மறக்க ஆரம்பித்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம் என்று நினைக்கிறேன். இன்னொரு வகை இரட்டைப் பெயர் கோயில் சட்டத்தாலேயே வந்தது. 1917-ன் திருச்சபைச் சட்டப்படி, பெற்றோர் புனிதர் பெயர் வைக்கச் சம்மதிக்காவிட்டால், குருவானவர் தாமே ஒரு புனிதர் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவு செய்ய வேண்டும். திராவிட இயக்கம் வளர்ந்த காலத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் இளங்கோ, கதிரவன் என்று வளர்ந்தார்கள். கோயில் புத்தகத்தில் அந்தோணியாகவும் சவேரியாகவும் இருந்தார்கள். அதில் வந்த தொல்லைகளும் உண்டு. ஒரு விதவைத் தாய்க்குக் கணவரின் பெயர் ஞானஸ்நானச் சான்றிதழில் ஒன்றாகவும் வேலைப் பதிவேட்டில் ஒன்றாகவும் இருந்ததால் ஓய்வூதியம் ஒன்றரை வருடம் இழுத்தடிக்கப்பட்டது. நானே அவருக்காக ஏழெட்டு மனு எழுதியிருக்கிறேன். 1983-ல் சட்டம் மாறியது. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது, அவ்வளவுதான்.

என் அத்தை பெயர் பிலோமினாள். 1961-ல் ரோமாபுரி பிலோமினம்மாள் திருநாளை நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. சரித்திர ஆதாரம் போதவில்லை என்று. செய்தி ஊருக்கு வந்த அன்று அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, "எடுத்தா எடுக்கட்டும். எம் பேரை எந்த ரோமாபுரி வந்து எடுக்கும்?" என்று கேட்டார். கடைசிவரை ஆகஸ்டில் தம் நாமத் திருநாளுக்குப் பாயசம் வைத்தார்.

அத்தை பெயர் போல என் பெயருக்கும் ஒரு முடிவு வந்தது. பழைய கத்தோலிக்க வேதாகமத்தில் அருளப்பர் சுவிசேஷம், சின்னப்பர் நிருபம் என்றுதான் இருக்கும். 1995-ல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பு கொண்டுவந்தார்கள். நல்ல காரியம், ஒற்றுமை. ஆனால் அதில் யோவான், பேதுரு, பவுல். அருளப்பரும் இராயப்பரும் சின்னப்பரும் வாசக மேடையிலிருந்து சத்தமில்லாமல் இறங்கிவிட்டார்கள். ஒரு ஞாயிறு பூசையில் "பவுல் எழுதிய திருமுகத்திலிருந்து வாசகம்" என்று கேட்டபோது என்னைப் பெயர் நீக்கம் செய்ததுபோல இருந்தது. விட்டுக்கொடுத்தது முழுவதும் நம் பக்கம்தானா என்று எனக்கு இன்றும் ஒரு குறை உண்டு.

மருமகள் பாளையங்கோட்டைப் பெண், சீர்திருத்தச் சபைக் குடும்பம். நிச்சயதார்த்தத்தின்போது சம்பந்தி என் பெயரைக் கேட்டுவிட்டு, "உங்க சபையில ஊர்ப் பேரெல்லாம் வைப்பாங்களா?" என்று அன்பாகத்தான் விசாரித்தார். நான் பவுல் என்று சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

எனவே, சூசை வேண்டாம் என்றபோது எனக்கு வலித்ததில் இதெல்லாம் சேர்ந்திருந்தது. பேரனுக்கு வைக்கவிருந்த பட்டியலை மகன் அனுப்பினான். எல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்து. பாதிக்கு என்ன பொருள் என்று வைக்கிறவர்களுக்கே தெரியவில்லை. நான் தேவசகாயம் என்று எழுதிப் பார்த்தேன். மருமகளின் தாத்தா பெயரும் அதுதான் என்பதால் இரண்டு வீட்டுக்கும் பொது. "மாமா, நல்ல பேருதான். ஆனா பாரத்துல கட்டம் பத்தாது" என்றாள். சிரித்துவிட்டேன். கோபம் அன்றே பாதி போய்விட்டது.

பொங்கலுக்கு அவர்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். இரவு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் தேம்பாவணி இருந்தது. வீரமாமுனிவர் 1726-ல் முடித்த காப்பியம், 3,615 பாடல், முழுதும் சூசையப்பர் கதை. ஏலாக்குறிச்சியில் அவர் பல ஆண்டுகள் இருந்திருக்கிறார். நாங்கள் அவரைப் பாதி எங்கள் ஊர்க்காரராகவே நினைப்போம். மருமகள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இதுல வளன், வளன்னு வருதே, யார் மாமா அது?" என்றாள்.

எத்தனை முறை படித்திருக்கிறேன்! எனக்குத் தோன்றவே இல்லை. ஜோசப் என்ற எபிரேயப் பெயருக்கு 'அவர் பெருகச் செய்வார்' என்று பொருள். பெருக்கம், வளம். முனிவர் அதைத் தமிழில் வளன் என்று வைத்தார். ஊர் மக்கள் ஒலியைப் பிடித்துச் சூசை என்றார்கள். இரண்டும் ஒரே ஆள்.

"அது என் அப்பாதான்" என்றேன்.

அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பட்டியலில் இருந்த எந்தப் பெயரையும் அவள் அப்படிச் சொல்லிப் பார்த்ததை நான் பார்த்ததில்லை. மகன் வந்தான், கைப்பேசியில் ஏதோ தேடினான், "நல்லாத்தான்பா இருக்கு" என்றான். நான் அப்பாவின் மணியார்டர் ரசீதுக் கட்டை எடுத்து வந்து காட்டினேன். மகன் அந்தக் கோணல் எழுத்துகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அதற்குமுன் பார்த்ததில்லை.

மார்ச் மாதம் திருமுழுக்கு. இந்தக் காலத்தில் தாயும் முன்வரிசையில் நிற்கிறாள்; பிள்ளைக்கு என்ன பெயர் என்று குருவானவர் கேட்டபோது அவள்தான் சொன்னாள். பதிவேட்டில் 'வளன் சூசை' என்று எழுதச் சொன்னதும் அவள்தான். நான் கேட்கவில்லை. சான்றிதழில் வளன் மட்டும்.

சென்னையில் ளகரம் படும் பாட்டில் அக்கம்பக்கத்தார் அவனை 'வலன்' என்கிறார்களாம். போகட்டும். ராத்திரி தூங்காமல் அழிச்சாட்டியம் செய்யும்போது மட்டும் மருமகள் அவனை "டேய் சூசை, கண்ணை மூடுடா" என்று அதட்டுவதாக மகன் போன வாரம் சொன்னான்.